லங்காவியின் இந்த முகம் உங்களுக்குத் தெரியுமா?

லங்காவி என்றதும் என்ன நினைவுக்கு வரும்? வரியில்லாத சாக்லேட், உயரத்தில் தொங்கும் கேபிள் கார், குவா நகரின் படகுத்துறை அருகே சிறகு விரித்து நிற்கும் கழுகுச் சிலை, பந்தாய் செனாங் கடற்கரையில் இரவு முழுக்க ஒலிக்கும் பாட்டு. மலேசியா போய்வந்தவர்களின் செல்போனில் இந்தப் படங்கள் நிச்சயம் இருக்கும். 1987இல் வரியில்லாத் தீவாக அறிவிக்கப்பட்ட பிறகுதான் இவ்வளவு ஆர்ப்பாட்டமும். ஆனால் கடைத்தெருவிலிருந்து அரைமணி நேரம் வண்டியோட்டினால் அதே தீவுக்குள் வேறொரு தீவு இருப்பது தெரியுமா? அங்கே பாறைக்கு வயது ஐம்பது கோடி, மீன் சேற்றில் நடக்கிறது, பாலூட்டி ஒன்று மரத்துக்கு மரம் காற்றில் மிதக்கிறது!

முதலில் ஒரு சின்னக் கணக்கு. லங்காவி என்பது ஒரே தீவு அல்ல. 99 தீவுகளின் கூட்டம் அது. கடல் வற்றும் நேரத்தில் மணல்திட்டுகளும் பாறைகளுமாக இன்னும் சில தலைதூக்கும். கூட்டம் முழுவதும் மலேசியாவின் கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. கெடாதான் நம் வரலாற்றுப் புத்தகங்களில் வரும் கடாரம்! ராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டு வாக்கில் கடற்படை அனுப்பி வென்றதாக மெய்க்கீர்த்தி பாடும் அதே கடாரம்.

ஆயிரம் ஆண்டெல்லாம் லங்காவிக்கு நேற்று மாதிரி. மச்சின்சாங் மலையில் கேபிள் காரில் ஏறுகிறவர்கள் மேலே உள்ள வளைந்த தொங்குபாலத்தைப் படமெடுப்பதிலேயே குறியாக இருக்கிறார்கள். 125 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலமும் அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தாங்கி நிற்கும் மணற்பாறை ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்றுமுகத்திலும் ஆழமில்லாத கடலிலும் படிந்த மணல் என்பது தெரியுமா? மலேசியாவிலேயே மிகப் பழைய பாறைகள் இவை. அந்த மணல் படிந்த காலத்தில் டைனோசர் இல்லை, பறவை இல்லை, உலகில் எங்குமே ஒரு மரம்கூட முளைத்திருக்கவில்லை! தீவின் வடமேற்கே டாத்தாய் பக்கத்துக் கரைக்குப் போனால் இந்தப் பாறையைக் கட்டணமில்லாமல் கையால் தொட்டுப் பார்க்கலாம். அடுக்கடுக்காகச் சாய்ந்து கிடக்கும். மணல் கொஞ்சங்கொஞ்சமாக வந்து படிந்த வரிகளை விரலால் தடவலாம்.

இதைவிடப் பெரிய ஆச்சரியம் தென்மேற்கே சிங்காத் தீவுகளின் பக்கம் இருக்கிறது. அங்கே கறுத்த சேற்றுப்பாறைக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கூழாங்கற்கள் புதைந்திருக்கின்றன. இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? பாறையாக இறுகிப்போன அந்தச் சேறு, அசையாத கடலடியில் துகள் துகளாக இறங்கிப் படிந்தது. அப்படிப்பட்ட அமைதியான இடத்துக்குக் கல்லைச் சுமந்து வந்தது யார்? பனிக்கட்டி! ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் தெற்கே கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் குளிர்ந்த கரையோரம் ஒட்டியிருந்தது. மிதந்து வந்த பனிப்பாறைகள் உருக உருக, அவற்றுக்குள் சிக்கியிருந்த கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து சேற்றில் பதிந்தன. இன்று தேங்காயும் தாழையும் நிற்கும், வியர்வை ஓயாத ஒரு தீவில் பனிக்காலத்தின் கையெழுத்து! அப்போது நம் இந்திய நிலமும் அதே பெருங்கண்டத்தில்தான் இருந்தது. பிறகு இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு பாதையில் வடக்கே நகர்ந்து வந்து சேர்ந்திருக்கின்றன. இந்தப் பாறைச் செல்வத்துக்காகத்தான் 2007இல் யுனெஸ்கோ ஆதரவு பெற்ற புவிப்பூங்கா என்ற தகுதி லங்காவிக்குக் கிடைத்தது. தென்கிழக்கு ஆசியாவில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இடம் இதுதான்.

உள்ளூர்க்காரர்களுக்கு மலைகளைப் பற்றி வேறு கதை இருக்கிறது. மாட் ராயா, மாட் சின்சாங் என்று இரண்டு பூதங்கள் சம்பந்தி ஆகப் போனார்களாம். கல்யாண வீட்டில் சண்டை மூண்டு பாத்திரங்கள் பறந்தனவாம். குழம்பு கொட்டிய இடம்தான் குவா நகரம், வெந்நீர் சிந்திய இடத்தில்தான் ஆயர் ஹங்காட் வெந்நீர் ஊற்று. விலக்கிவிட வந்த மாட் சாவார் இரண்டுக்கும் நடுவே குன்றாக நிற்கிறாராம். சண்டை போட்ட இருவரும் உண்மையிலேயே வேறு வேறு இனம் என்பதுதான் சுவை: மச்சின்சாங் மணற்பாறை, ராயா மலையோ பூமிக்கடியில் நெருப்புக் குழம்பாக இருந்து இறுகிய கருங்கல்!

வடகிழக்கே கிலிம் என்ற பகுதியில் சுண்ணாம்புக் குன்றுகள் கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. அவற்றின் காலடியில் அலையாத்திக் காடு. அங்கே கெலாவார் குகை என்ற வௌவால் குகைக்குள் நுழைகிற எல்லோரும் டார்ச்சை வௌவால் மீது அடிக்கிறார்கள். பாவம், அவற்றைத் தூங்க விடுங்கள். வெளிச்சத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பாருங்கள். இன்றைய கடல் மட்டத்துக்கு மேலே, தலைக்கருகே, சிப்பி ஓடுகள் ஒட்டியிருக்கின்றன! உப்புத் தண்ணீர் வந்து போகாத இடத்தில் சிப்பி வாழாது. ஐயாயிரம், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் கடல் இப்போதையதைவிடச் சில மீட்டர் உயரத்தில் இருந்தது. அன்றைய அலைகள் எதுவரை வந்தன என்பதைச் சிப்பிகள் சுவரில் ஒட்டி வைத்துவிட்டுப் போயிருக்கின்றன.

குகையைவிட்டு வெளியே வந்து காட்டின் ஓரத்தில் கொஞ்சம் அசையாமல் நின்றால் போதும், சேறு உயிர்பெற்றுவிடும். முதலில் கண்ணில் படுவது ஆண் நண்டு. உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும். அதை மேலும் கீழும் வீசி வீசிப் பெண் நண்டை அழைக்கும். சாப்பிட அந்தக் கொடுக்கு உதவாது. மறுபக்கத்துச் சின்னக் கொடுக்கால்தான் சேற்றை அள்ளி வாயில் வைக்க வேண்டும், சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குட்டி உருண்டையாகக் கீழே போட வேண்டும். பெண்ணுக்கு இரண்டு கொடுக்கும் சின்னது. ஆண் ஒரு வாய் தின்னும் நேரத்தில் அவள் இரண்டு வாய் தின்றுவிடுவாள்! அதற்குப் பக்கத்திலேயே தலையுச்சியில் கண் வைத்த ஒரு மீன், முன் துடுப்புகளைக் கைகளாக ஊன்றிச் சேற்றின்மேல் நடந்து போகும். மூச்சு? தோலும் வாயின் உட்புறமும் ஈரமாக இருக்கும்வரை காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அவ்வப்போது ஒரு பக்கம் சாய்ந்து உருண்டு உடம்பை நனைத்துக்கொள்கிறது.

மேலே பார்த்தால் சுரபுன்னை மரங்களில் முருங்கைக்காய் மாதிரி பச்சைப் பச்சையாய்த் தொங்கும். காய் என்று நினைத்துவிடாதீர்கள், நாற்று! விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்டு, தயாரான பிறகுதான் கீழே விழுகிறது. நீர் வற்றியிருந்தால் சேற்றில் குத்தி நிற்கும், ஏறியிருந்தால் மிதந்து போய் வேறொரு கரையில் வேர்விடும். பிச்சாவரத்தில் படகு ஏறியவர்களுக்கு இந்த மரம் பழைய சிநேகிதம்.

இங்கே ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். கிலிம் படகுச் சவாரியில் நெடுங்காலமாக ஒரு காட்சி நடந்துவருகிறது. படகை நிறுத்திக் கோழித்தோலைத் தண்ணீரில் எறிவார்கள். செம்பருந்துகள் கூட்டமாகப் பாய்ந்து வந்து அள்ளிப்போகும். நம்மூரில் கருடன் என்று அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அதே பறவை! வெள்ளைத் தலையும் செங்கல் நிறச் சிறகுமாக அது தாழப் பறப்பதைப் பார்த்தால் யாருக்கும் மெய்சிலிர்க்கும். ஆனாலும் அந்தச் சவாரி வேண்டாம். மீனும் நண்டும் கரையொதுங்கிய செத்தவையும் தின்று கடற்கரையைத் துப்புரவாக வைக்கிற பறவையைப் படகுச் சத்தம் கேட்டதும் ஓடிவரப் பழக்குவது அதற்குச் செய்யும் நன்மை அல்ல. விசைப்படகுகள் வேகமாகப் போகும்போது எழும் அலை வேறு, அலையாத்தி நிற்கும் கரையை அரித்து மரங்களைச் சாய்க்கிறது. துடுப்புப் படகு கிடைக்கிறது, அதில் போங்கள். மெதுவாகப் போகிறவர்களுக்குப் பருந்து தானாகவே மீன் பிடித்துக் காட்டும். நீர்நாய்க் குடும்பம் கரையேறுவதைப் பார்க்கும் அதிர்ஷ்டம்கூட அடிக்கலாம்.

இப்போது என் மனதுக்கு மிகப் பிடித்த அதிசயம். கொலுகோ என்ற பிராணியைத் தெரியுமா? பூனை அளவுதான் இருக்கும். பகல் முழுக்க மரத்தண்டில் ஒட்டிக்கொண்டு தூங்கும். சாம்பலும் பச்சையும் கலந்த புள்ளிகள் மரப்பாசியோடு அப்படியே கலந்துவிடுவதால், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் பட்டை என்றே தோன்றும். விளக்கு வைக்கும் நேரத்தில் மெல்ல மேலே ஏறும். உச்சிக்குப் போனதும் கால்களை விரித்து ஒரே தாவல்! கழுத்திலிருந்து விரல்நுனிகளுக்கும், அங்கிருந்து பின்னங்கால்களுக்கும், அங்கிருந்து வால்நுனிக்கும் விரிந்திருக்கும் தோல் முழுவதும் காற்றில் இழுபட்டு நிமிர, நூறு மீட்டருக்கும் மேல் சத்தமே இல்லாமல் மிதந்து போய் அடுத்த மரத்தில் ஒட்டிக்கொள்ளும். தாய் என்றால் வயிற்றில் ஒட்டியபடி குட்டியும் கூடவே பறக்கும்! ஓய்வெடுக்கும்போது வால்பக்கத்துத் தோலை மடித்துக் குட்டிக்குத் தொட்டில் கட்டிவிடும். இந்தப் பிராணியின் நெருங்கிய சொந்தக்காரர் யார் என்று மரபணுக்களை வைத்துத் தேடினார்கள். வௌவால் அல்ல, அணில் அல்ல. குரங்கும் மனிதனும் அடங்கிய நம் வம்சம்தான்! மரங்கள் நிறைந்த விடுதி வளாகங்களில்கூட கொலுகோ உண்டு. சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து இருட்டில் கொஞ்சம் நடந்தால் போதும், உள்ளூர் இயற்கை வழிகாட்டிகள் தேடிக் காட்டிவிடுவார்கள்.

கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட குரங்கு ஒன்றும் இந்தக் காடுகளில் உண்டு. இலை தின்னும் சாது. தாயும் தந்தையும் கருஞ்சாம்பல் நிறம், பிறக்கும் குட்டியோ பளபளக்கும் ஆரஞ்சு நிறம்! சில மாதங்களில் அந்த நிறம் மங்கிப் பெரியவர்களைப் போலாகிவிடும்.

ராயா மலைக்கு மாலையில் போக வேண்டும். 881 மீட்டர் உயரம், லங்காவியிலேயே பெரிய மலை. உச்சிவரை தார்ச்சாலை உண்டு என்றாலும் பாதி வழியில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். இரைச்சலாக ஒரு காற்று தலைக்கு மேலே போகும். நிமிர்ந்தால் இருவாச்சி! வால்பாறையில் பார்த்த அதே பெரிய இருவாச்சி. அதன் சிறகுகளின் அடிப்புறத்தை மூடும் குட்டி இறகுகள் போதாததால், பெரிய இறகுகளுக்கு இடையே காற்று புகுந்து அந்த ஓசை வருகிறது. அத்திப்பழம் பழுத்த மரம் எதுவென்று தெரிந்துகொண்டு அங்கே காத்திருந்தால் கூட்டமாகவே பார்க்கலாம். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், அலகு நீளும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டு வாசலைப் பூசி அடைத்துக்கொள்கிறது. வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கிறது, சிறகிறகுகளையும் உதிர்த்துவிடுகிறது. அத்தனை நாளும் தொண்டையில் பழங்களை நிரப்பி வந்து ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டுவது ஆண். அது செத்தால் உள்ளே இருக்கும் குடும்பத்துக்கும் ஆபத்து. ஒரு இருவாச்சியைச் சுடுவது என்றால் என்ன என்று இதிலிருந்தே தெரியும். பெரும் பொந்துள்ள கிழட்டு மரங்கள் ஏன் வெட்டப்படக் கூடாது என்பதும்.

தாயாங் புந்திங் தீவு ஏரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாலாபுறமும் கடல், நடுவே நன்னீர்! சுண்ணாம்புக் குகையொன்றின் கூரை இடிந்து விழுந்த பள்ளத்தில் மழைநீர் நிரம்பி உண்டான ஏரி என்கிறார்கள். ஏரிக்கும் உப்புக்கடலுக்கும் நடுவே ஓர் ஒல்லியான பாறைச்சுவர்தான் காவல். இறந்த குழந்தையைத் தேவதை ஒருத்தி இந்த நீரில் கிடத்தினாள் என்ற நம்பிக்கையால், பிள்ளைவரம் கேட்டு வருகிறவர்கள் உண்டு. மதியம் கூட்டம் அதிகம். முதல் படகில் போவது நல்லது.

வடக்கே ஒரு கடற்கரையில் மணலுக்குள் கறுப்பு ஓடுகிறது. கருங்கல்லிலிருந்து அரிக்கப்பட்டு வந்த இல்மனைட், டூர்மலின் தாதுக்களின் வேலை அது. பாடாங் மாட்சிராட் பக்கம் வயல்கள், எருமை, உண்ணிக்கொக்கு. 1821இல் சயாம் படை வந்தபோது எதிரிக்குக் கிடைக்கக் கூடாதென்று ஊரார் நெற்குவியல்களைக் கொளுத்திய இடம் அதுதான். கனமழைக்குப் பின் இன்றும் கருகிய அரிசி மண்ணுக்கு மேலே வருவதாக அங்கே சொல்வார்கள்.

மழை என்றதும் நினைவு வருகிறது. நவம்பர் முதல் மார்ச் வரையே போக வேண்டும், செப்டம்பரும் அக்டோபரும் ஆகாது என்று எல்லோரும் சொல்வார்கள். கடலில் நீந்த மட்டும் போகிறவர்களுக்கு அது சரி. ஆனால் மச்சின்சாங் சரிவில் ஏழு குளங்களாக வழிந்து இறங்கும் தெலாகா துஜூ அருவியில் தண்ணீர் முழுவீச்சில் இறங்குவது அந்த மழை மாதங்களில்தான்! பாறை வழுக்கும், வேரைப் பிடித்து நடக்க வேண்டும், மேலே உள்ள குளங்களில் விளிம்புப் பக்கம் போகவே கூடாது. நனைந்தால் பரவாயில்லை என்பவர்கள் அப்போது போகலாம். கடற்கரையில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும், இருவாச்சிகளும் கொலுகோக்களும் வழக்கம்போல ஊரிலேயே இருக்கும்.