இருபத்திரண்டு எட்டிப் பிடித்த கதை

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கடலில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு கோயிலுக்குள் நுழைபவர்கள் 22 தீர்த்தம் ஆடுவார்கள். வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்ற, மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கும் நீராடல் கோடி தீர்த்தத்தில் முடியும். இந்த வரிசை வழிவழியாக வந்தது. யாரும் எந்த வரிசையிலும் போகலாம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் எத்தனை வரிசைகள்?

மூன்றே தீர்த்தம் என்றால் 3×2×1, ஆறு வரிசை. நான்குக்கு 24. பத்துக்கு 36,28,800. பள்ளிக் கணக்கில் இதற்குக் காரணீயப் பெருக்கம் என்று பெயர், 10! என்று ஆச்சரியக்குறி போட்டு எழுதுவோம். 22! எவ்வளவு தெரியுமா?

1124000727777607680000

ஏறத்தாழ ஒன்றே அரைக்கால் கோடி கோடி கோடி. நொடிக்கு ஒரு வரிசை எழுதினாலும், பேரண்டத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளைப் போல 2,500 மடங்குக்கு மேல் ஆகும். கடைசி நான்கு சுழிகளும் 5, 10, 15, 20 ஆகியவற்றில் உள்ள ஐந்துகள் இரட்டை எண்களோடு சேர்ந்து பிறந்தவை.

இனி இலக்கங்களை எண்ணுங்கள். சரியாக 22.

இந்தப் பொருத்தம் எப்படி வந்தது? 9 வரை ஒற்றை இலக்க எண்களால் பெருக்குகிறோம். சில பெருக்கல்களில் இலக்கம் கூடுவதே இல்லை. 9! என்பது 3,62,880, ஆறே இலக்கம், மூன்று பாக்கி. 10 முதல் நிலைமை மாறுகிறது. ஒவ்வொரு பெருக்கலும் ஓர் இலக்கமாவது கூட்டும், எப்போதாவது இரண்டு. 15-லும் 19-லும் இரண்டிரண்டு கூடியதால் பாக்கி ஒன்றாகிறது. 21!-ல் 20 இலக்கம். 22-ஆல் பெருக்கியதும் மறுபடி இரண்டு கூடி, பாக்கி தீர்ந்துவிடுகிறது.

23, 24 இரண்டுக்கும் இதே பொருத்தம் உண்டு. 25!-லோ 26 இலக்கம், ஒன்று முந்திவிட்டது. அதன்பின் ஒவ்வொரு படியிலும் ஓர் இலக்கமாவது கூடிக்கொண்டே போவதால், முந்தியது பின்வாங்க வழியே இல்லை. ஆகவே, முடிவில்லாமல் நீளும் 1, 2, 3 என்ற வரிசையில் இந்தப் பொருத்தம் உள்ளவை நான்கே: 1, 22, 23, 24. ஒன்றுக்கு இது சும்மா வாய்த்தது. பின்தங்கிக் கிடந்து, எட்டிப் பிடித்த முதல் எண் 22.