வரைபடத்தில் சிவப்பு, மண்ணுக்குள் என்ன?

கோவில்பட்டிக் கரிசலுக்கு மேல் ஆய்வு விமானம் தாழப் பறந்தால் கீழே எவ்வளவு தெரியும்? கருவியைப் பொறுத்தது. காமாக் கதிர்மானி ஏறக்குறைய அரை மீட்டர் மேல்மண்ணைத்தான் படிக்கும். கரிசல் ஓராள் ஆழம் கிடந்தால் அடிப்பாறை அதற்குத் தெரியாது. காந்தமானிக்கு மண் ஒரு பொருட்டல்ல. மேக்னடைட் உள்ள பாறை அடியில் கிடந்தாலும் காட்டிவிடும். மின்காந்த முறைக்குத்தான் கரிசல் வில்லங்கம். நனைந்த களிமண் மின்சாரத்தைக் கடத்துவதால் ஆழத்துச் சமிக்ஞையை அமுக்கிவிடும். கயத்தாறு பக்கம் போனால் காற்றாலைகளும் மின்கம்பிகளும் வேறு இரைச்சல் கூட்டும்.

சமிக்ஞை தெளிவாக வந்தாலும் அது தாது என்று ஆகிவிடாது. செம்புத் தாதுவும் மின்சாரத்தைக் கடத்தும். சிவகங்கையில் வெட்டியெடுக்கும் கிராஃபைட்டும் கடத்தும். வானிலிருந்து இரண்டையும் பிரித்தறிவது கடினம்; துளையிட்டால்தான் தெரியும்.

கனடாவின் கிட் கிரீக்கில் 1959இல் விமான ஆய்வு சுட்டிய இடத்தை 1963 நவம்பரில்தான் துளையிட்டார்கள். செம்பும் துத்தநாகமும் குவிந்திருந்தன. அங்கே துளையிட்ட டெக்சாஸ் கல்ஃப் சல்ஃபர் நிறுவனத்தின் உள்ளாட்கள் ரகசியமாகப் பங்கு வாங்கி வழக்கில் சிக்கியது வான்வரைபடத்தை நம்பி அல்ல, துளையில் வந்த பாறையைப் பார்த்துத்தான்!

இந்தியப் புவியியல் ஆய்வு மையம் 2017இல் தொடங்கிய விமான ஆய்வில் பறப்புக் கோடுகளுக்கு நடுவே 300 மீட்டர் இடைவெளி. வரைபடத்தில் அந்த இடைவெளியில் தெரியும் வண்ணம் கணினி கணக்கிட்டு நிரப்பியது.