தலைநகராக இருந்த திருவண்ணாமலை
திருவண்ணாமலையில் வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போகிறோம். திருவண்ணாமலை மாவட்டத் தலைநகராக ஆனது 1989-ல். ஆனால் 14-ஆம் நூற்றாண்டிலேயே அது ஓர் அரசின் தலைநகர்! டெல்லி சுல்தானின் படைகள் துவாரசமுத்திரத்தைச் சூறையாடிய பிறகு, ஹொய்சாள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர் இங்கிருந்துதான் ஆண்டார். மதுரை சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்.

அவருக்குப் பிள்ளையில்லை, அண்ணாமலையாரே மகன் என்பது ஐதீகம். மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் புறப்பட்டுப் போய், தந்தைக்குத் திதி கொடுக்கிறார். ஒரு மன்னனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா? அடுத்த முறை கோயிலுக்குள் வல்லாள கோபுரத்தைக் கடக்கும்போது, ஒரு நிமிடம் நின்று அண்ணாந்து பாருங்கள். அது தாங்கி நிற்பது அந்த மன்னரின் பெயரைத்தான்.