வாடிக்கையாளர் விபரங்களைக் கைத்தொலைபேசியிற் குறித்து வைத்தல்



விதை, பசளை, நீர் ஆகியவற்றிற் செலுத்தும் கருத்தை நாம் விற்பனையிலும் செலுத்துதல் வேண்டும். விளைந்த பொருளை யாரிடம், எந்நாளில், எவ்வித ஒப்பந்தத்தின்பேரில் கொடுத்தோம் என்பதைக் குறித்து வைத்தலும் விவசாயத்தின் ஒரு பகுதியேயாகும். அதனை எளிதாகச் செய்யும் முறை இங்கு விளக்கப்படுகின்றது.

ஏன் எழுத வேண்டும்?

பொல்பிட்டிய அயலில் வயலும் மரக்கறித் தோட்டமும் செய்வோருக்கும், மேலே ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் கரட், லீக்ஸ், கோவா பயிரிடுவோருக்கும் இவ்விடயத்தில் நிலைமை ஒன்றே. நெல்லை நன்கு உலர்த்திச் சில மாதங்கள் வைத்திருக்கலாம். பறித்த போஞ்சியை அவ்வாறு வைத்திருத்தல் இயலாது. அன்றைக்குக் கொள்வோர் ஒருவரே உளர் எனின், அவர் சொல்வதே விலையாகிவிடும்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது சந்தைக்குச் செல்லும் வழக்கமான வழி தடைப்பட்டது. கொழும்புப் புறக்கோட்டையிலிருந்த மெனிங் சந்தையும் பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. இத்தகைய காலங்களில், ஒரு சந்தையையோ ஒரு தரகரையோ மாத்திரம் நம்பியிருப்பவர் தடுமாறுவார். பத்துப் பேரின் விபரத்தைக் கையில் வைத்திருப்பவர் அடுத்தவரை அழைத்துக் கேட்பார்.

குறிப்பு எழுதும் மென்பொருள்

கைத்தொலைபேசியின் பெயர்ப் பட்டியலில் பெயரும் இலக்கமும் இருந்தால் மட்டும் போதாது. அவர் எதை வாங்குகிறார், எவ்வாறு பணம் கொடுக்கிறார் என்பன அதில் விளங்கா. இதற்குக் குறிப்பு எழுதும் மென்பொருள் உதவும். 2013இல் வெளிவந்த கூகுள் கீப், அதற்கு முன்னரே வந்த மைக்ரோசொப்ட் வன்நோட் முதலியன இவ்வகையின. தமிழிலேயே எழுதலாம், எழுதிய சொல்லைத் தேடியும் எடுக்கலாம். மலைச்சரிவுகளிற் சமிக்ஞை கிடைக்காத இடத்திலும் கூகுள் கீப்பில் எழுதி வைக்கலாம். இணைப்புக் கிடைத்ததும் அக்குறிப்பு உங்கள் கணக்கிற் சேர்ந்துவிடும்.

எழுதும் முறை

1. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு குறிப்பு என வகுத்துக்கொள்க. தலைப்பில் பெயர், ஊர், தொழில் ஆகியவற்றை எழுதுக. பெயரை எப்பொழுதும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுதல் அவசியம். சிங்களப் பெயரொன்றை இன்று ஒரு விதமாகவும் நாளை வேறு விதமாகவும் எழுதினால், தேடும்போது அகப்படாது.

2. அதன் கீழ் தொலைபேசி இலக்கம், வாங்கும் பயிர், விரும்பும் தரம், லொறி வரும் நாள், பணம் கொடுக்கும் வழக்கம் ஆகியவற்றைக் குறிக்க.

3. ஒவ்வொரு விற்பனையையும் அன்றைய மாலையே திகதியிட்டுச் சேர்க்க. எத்தனை கிலோ, என்ன விலை, கழித்தது எவ்வளவு, பெற்றது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்னும் ஐந்தும் போதும். சிட்டை கிடைத்தால் அதனைப் படம் பிடித்து அக்குறிப்புடன் இணைக்க.

4. போஞ்சி, கோவா, விதைநெல் எனப் பயிர்வாரியாக லேபிள் இடுக. போஞ்சி என்பதைத் தொட்டவுடன் போஞ்சி வாங்குவோர் அனைவரும் ஒருங்கே தோன்றுவர்.

5. நிலுவைக்குத் தவணை சொல்லப்பட்டிருப்பின், அத்திகதிக்கு நினைவூட்டல் வைக்க. அவ்வாறே, அறுவடைக்கு இரு வாரம் முன்னதாக வாடிக்கையாளருக்கு அறிவிப்பதற்கும் நினைவூட்டல் வைக்கலாம். விதைநெல் விற்போர், பெரும்போகமும் சிறுபோகமும் தொடங்குமுன் சென்ற போகத்தில் வாங்கியவர்களை அழைத்து விசாரித்தல் நன்று.

பதிவினாற் பெறும் பயன்

எடுத்துக்காட்டாக, ஒரு விவசாயியிடம் 500 கிலோ போஞ்சி உளதெனக் கொள்வோம். முதலாம் வியாபாரி கிலோவுக்கு 200 ரூபா தருவதாகக் கூறுகிறார். இரண்டாமவர் 185 ரூபாவே தருவதாகக் கூறுகிறார். கேட்ட மாத்திரத்தில் முதலாமவரே மேலானவராகத் தோன்றுவார்.

ஆனால் குறிப்பைத் திறந்து பார்த்தால், முதலாமவர் கடந்த மூன்று தடவையும் கழிவுக்கென நூற்றுக்குப் பத்துக் கழித்ததும், மூன்று வாரம் கழித்தே பணம் தந்ததும் தெரியவரும். 450 கிலோவுக்கே விலை கிடைப்பதால் கைக்கு வருவது 90,000 ரூபா. இரண்டாமவரோ ஒன்றும் கழிக்காது அன்றே பணம் தருபவர் எனின், அவரிடமிருந்து கிடைப்பது 92,500 ரூபா. குறைந்த விலையென எண்ணியதே 2,500 ரூபா கூடுதலாகத் தருகின்றது. பணமும் தாமதமின்றிக் கிடைக்கின்றது. பேச்சிற் கூறும் விலை வேறு, கையிற் சேரும் விலை வேறு என்பதை நினைவு மறந்தாலும் எழுத்து மறவாது.

நிலுவைபற்றிப் பேசும்போதும் இதுவே துணை. திகதியையும் நிறையையும் சொல்லி, சிட்டையின் படத்தையும் காட்டிக் கேட்பவரின் சொல்லைத் தட்டிக்கழித்தல் எளிதன்று.

கவனிக்க வேண்டியவை

கைத்தொலைபேசி தொலைந்தாலும், நீரில் விழுந்தாலும், கணக்கிற் சேர்ந்த குறிப்புகள் அழியா. வேறொரு தொலைபேசியிற் கணக்கைத் திறந்து அவற்றைப் பெறலாம். ஆகவே கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி வீட்டிற் பத்திரப்படுத்துக. தொலைபேசிக்குப் பூட்டு இலக்கம் இடுக. வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தை இக்குறிப்புகளில் ஒருபோதும் எழுதலாகாது.

வாடிக்கையாளரின் இலக்கத்தையும் கொடுக்கல் வாங்கல் விபரத்தையும் அவரது சம்மதமின்றிப் பிறருக்குக் கொடுத்தல் தகாது. பிறர் விபரங்களைப் பாதுகாத்தற்பொருட்டு இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சட்டத்தினும் மேலாக, நம்பிக்கையே வியாபாரத்தின் முதல் என்பதை மறத்தலாகாது.

இத்தகைய தொலைபேசி இல்லாதோர் ஒரு கொப்பியிலே பக்கத்துக்கு ஒருவராக இதே முறையில் எழுதி வரலாம். கருவி எதுவாயினும் அன்றன்று எழுதுவதே பயன் தரும். எழுதப் பழகாதவர்கள் பாடசாலை செல்லும் பிள்ளைகளின் உதவியை நாடலாம்.

இப்போகத்தில் மூன்று வாடிக்கையாளருடன் தொடங்குக. போக முடிவில் அக்குறிப்புகளை ஒருமுறை படித்துப் பார்த்து, அடுத்த போகத்தில் யாருக்கு எதனைப் பயிரிடுவது என்பதைத் தீர்மானித்துக்கொள்க. மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் ஆலோசனைத் தொலைபேசிச் சேவையையும் அழைக்கலாம்.