ஏரியலும் நிலை அலையும்: சிக்கனமான சோதனை

சுவரில் கட்டிய கயிற்றின் மறுநுனியை ஓயாது உதறிக்கொண்டிருந்தால், செல்லும் அலையும் சுவரில் மோதித் திரும்பும் அலையும் ஒன்றுகூடும். கயிற்றின் சில இடங்கள் மிகுதியாக ஆடும். சில இடங்கள் அசையாமலே நிற்கும். இதுவே நிலை அலை. அமெச்சூர் வானொலியாளரின் செலுத்தியிலிருந்து ஏரியலுக்குச் செல்லும் வடத்திலும் இதுவே நிகழ்கிறது.

பெரும்பாலும் அவ்வடம் 50 ஓம் இயல்புடையது. ஏரியலும் 50 ஓம் காட்டினால் வந்த ஆற்றல் முழுவதையும் ஏற்றுக்கொள்ளும். இன்றேல் ஒரு பங்கு திரும்பிவிடும். வடத்தில் மின்னழுத்தம் மிகுந்த இடத்திற்கும் குறைந்த இடத்திற்கும் உள்ள விகிதமே நிலை அலை விகிதம். 1:1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 2:1 என்றால் ஒன்பதில் ஒரு பங்கும், 3:1 என்றால் நான்கில் ஒரு பங்கும் திரும்புகின்றன. விகிதம் மிகுந்தால், காப்பில்லாத எளிய செலுத்தியின் இறுதி டிரான்சிஸ்டர் கருகிப் போகவும் கூடும்.

இதனை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. பள்ளியில் கற்பிக்கும் வீட்ஸ்டன் சுற்றே போதும். (அதனை 1833இல் முதலில் விளக்கியவர் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி, 1843இல் பரவச் செய்தவரே வீட்ஸ்டன். பெயர் மட்டும் பின்னவருக்குப் போயிற்று!) மூன்று கைகளில் கடையில் கிடைக்கும் 51 ஓம் மின்தடைகளையும் நான்காம் கையில் ஏரியலையும் இணைத்து, இடையே ஒரு டயோடும் சிறு மின்மானியும் வைத்தால் சோதனைக் கருவி தயார். ஏரியல் பொருந்தும்போது முள் சுழிக்கு இறங்கும். கம்பி சுற்றிய மின்தடை ஆகாது. அது சுருளாக நின்று கணக்கைக் கெடுக்கும். ஏரியல் அறுந்தே போயிருந்தாலும் செலுத்திக்கு விகிதம் ஏறத்தாழ 2:1க்கு மேல் தோன்றாது என்பது இச்சுற்றின் தனிச் சிறப்பு. ஆயினும் மின்தடைகள் சூடேறுமாதலால் குறைந்த ஆற்றலில், சில நொடிகளே சோதிக்க வேண்டும். 2019 முதல் பரவலாக விற்பனைக்கு வந்த கையடக்கமான நேனோவிஎன்ஏ, பல அலைவெண்களுக்கும் சேர்த்து வளைகோடே வரைந்து காட்டும். ஆனால் அதனுள் செலுத்தியின் ஆற்றலைப் பாய்ச்சலாகாது.

7.1 மெகாஹெர்ட்ஸுக்கு உரிய அரையலை ஏரியலின் நீளம் சுமார் 20 மீட்டர். மிகக் குறைந்த விகிதம் 7.1க்குக் கீழே கிடைத்தால் கம்பி நீளம். இரு பக்கமும் சமமாகச் சிறிது நறுக்க வேண்டும். மேலே கிடைத்தால் குட்டை. தொடக்கத்தில் சற்று நீளமாகவே விடுவது நல்லது. நறுக்கியதை ஒட்டவைப்பது தொல்லை.

குறைந்த எண்ணைக் கண்டதும் மகிழ்ந்துவிடுவோரே மிகுதி. 50 ஓம் மின்தடை ஒன்றை வடத்தின் முனையில் மாட்டினால் 1:1 காட்டும். அது வானில் ஓர் அலையையும் எழுப்பாது. மழைநீர் புகுந்த பழைய வடம் இதனினும் ஏமாற்றும். ஒரு வழியில் பாதி ஆற்றலை விழுங்கும் வடத்தில், ஏரியலே கழன்று விழுந்தாலும் திரும்பி வருவது கால் பங்குதான். கருவி 3:1 என்றே காட்டும். ஆதலின் முதலில் ஏரியலைக் கழற்றி, வடத்தின் மறுமுனையைத் திறந்துவைத்து நேனோவிஎன்ஏவால் அளக்க வேண்டும். எண் மிகப் பெரிதாக வந்தால் வடம் நல்லது. 3 அல்லது 4 என்று வந்தால் வடத்தை மாற்றிய பின்னரே ஏரியலில் கை வைக்கலாம்.