கரிசல் வெடிப்பும் செவ்வாய்ச் சேறும்

சித்திரை வெயிலில் கயத்தாற்றுப் பக்கம் நான்குவழிச் சாலையை விட்டு இறங்கி, காற்றாலைகளுக்கு நடுவே மானாவாரிப் புஞ்சையில் நடந்து பாருங்கள். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புக்குள் கையையே விடலாம். ஐப்பசி மழை விழுந்ததும் அதே மண் ஊறி உப்பி, வெடிப்பெல்லாம் மூடி, வைத்த காலை விடாமல் இழுக்கும். கரிசலில் நிறைந்திருக்கும் ஸ்மெக்டைட் என்ற களிமண் வகைதான் காரணம். அதன் நுண்ணிய அடுக்குகளுக்குள் நீர் புகுந்தால் உப்பும். நீர் போனால் சுருங்கும்.

2017 ஜனவரியில் நாசா ஒரு படம் வெளியிட்டது. செவ்வாயின் கேல் பெரும்பள்ளத்தில் கியூரியாசிட்டி ஊர்தி கண்ட ‘ஓல்டு சோக்கர்’ பாறை. அதன் மேலும் பாளம் பாளமான கோடுகள். 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பே சேறு காய்ந்து வெடித்த தடமாக அது இருக்கலாம் என்றார்கள். 2013இல் அதே ஊர்தி துளையிட்டெடுத்த பாறைத்தூளிலும் ஸ்மெக்டைட் இருந்தது. அங்கே ஒரு காலத்தில் நீர் தேங்கியதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

கோள் அறிவியலின் முதல் வகுப்பை இந்தக் கரிசல் வரப்பில் நடத்த வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். சமன்பாடும் தொலைநோக்கியும் பிறகு வரட்டும். உழவர் வீட்டுப் பிள்ளைக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும்.

நிலவுப் பாடத்துக்கு நாமக்கல் போக வேண்டும். சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தோசைட், நிலவின் மேட்டுநிலப் பாறையின் உறவு. நிலவு உருகிய குழம்பாக இருந்த காலத்தில், காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல், எடை குறைந்த படிகங்கள் மேலே மிதந்து உறைந்த பாறை அது. சந்திரயான் ஊர்திகளை ஓட்டிச் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண் தேவைப்பட்டது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறை இந்தப் பாறையை அடையாளம் காட்டியது. சுமார் 50 டன் பெங்களூருக்குப் போனது. ஒரு மாவட்டப் பல்கலைக்கழகத்தின் பாறை அறிவு நிலவுப் பயணத்துக்கே கைகொடுத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3, நிலவின் தென்துருவப் பக்கத்து மண்ணிலும் அதே வகைப் பாறையின் சாயலைக் கண்டது. சந்திரயான் தரவுகளை இஸ்ரோவின் ‘பிரதான்’ தளத்தில் பதிவு செய்து எந்த மாணவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு சோதனை. இரண்டு கண்ணாடித் தம்ளர்கள். ஒன்றில் கயத்தாற்றுக் கரிசல், மற்றதில் பொடித்த அனார்த்தோசைட். இரண்டிலும் நீர் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் கரிசல் உப்பி மேலேறியிருக்கும். பாறைப்பொடி போட்டபடியே அடியில் கிடக்கும்.

(தொடரும்)