சுரங்கத்தை மூடி 30 வருஷம் ஆச்சு... காப்வே மண்ணை விட்டு விஷம் ஏன் போகலை?

உருக்காலை ஓடவில்லை, புகையும் இல்லை. ஆனாலும் ஆப்பிரிக்க நாடான ஜாம்பியாவின் காப்வே நகரில் வளரும் குழந்தைகளின் ரத்தத்தில் இன்றும் காரீயம் கலக்கிறது. எங்கிருந்து? அவர்கள் விளையாடும் மண்ணிலிருந்து!

காப்வேயில் என்ன நடந்தது?

தலைநகர் லுசாகாவுக்கு வடக்கே இருக்கிறது காப்வே. 1900-களின் தொடக்கத்தில் இங்கே காரீயமும் துத்தநாகமும் வெட்டியெடுக்க ஆரம்பித்தார்கள். தாதுவை அங்கேயே உருக்கவும் செய்தார்கள். சுமார் 90 ஆண்டுகள் நடந்த வேலை, 1994-ல் நின்றது.

மிஞ்சியவை இரண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் கழிவு மேடுகள். இன்னொன்று, புகையோடும் தூசியோடும் பறந்துபோய் கசண்டா, மகுலுலு, சோவா போன்ற பக்கத்துக் குடியிருப்புகளின் மண்ணில் படிந்த காரீயம்.

இத்தனை வருஷ மழையில் கரைந்திருக்காதா?

இல்லை. காரீயம் ஒரு தனிமம். குப்பை மாதிரி மக்காது, சிதையாது. களிமண்ணோடும் மட்கோடும் ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். போதாக்குறைக்கு, காற்றடிக்கும்போதெல்லாம் கழிவு மேட்டிலிருந்து புதுத் தூசியும் வந்து சேரும்.

குழந்தைகளுக்கு ஏன் அதிக ஆபத்து?

மண்ணில் அளைந்த கை நேராக வாய்க்குப் போகும். அப்படி உள்ளே போகும் காரீயத்தை, பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு வரை அதிகமாகக் குழந்தைகளின் உடல் உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கால்சியம் என்று நினைத்து எலும்பிலும் பல்லிலும் உடம்பு அதைச் சேர்த்து வைக்கும். மூளை வளர்ச்சி, படிப்பு, கவனம் எல்லாம் அடிவாங்கும். அளவு ரொம்ப அதிகமானால் வலிப்பு, கோமா, மரணம்கூட நேரலாம். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல, காரீயத்தில் பாதுகாப்பான அளவே கிடையாது.

மருந்து இல்லையா?

இருக்கிறது. குழந்தையின் 1 டெசிலிட்டர் ரத்தத்தில் 45 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் இருந்தால், அதைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து தரப்படும். ஆனால் மூளைக்கு ஏற்கெனவே நடந்த பாதிப்பை அது சரிசெய்யாது. சிகிச்சை முடிந்து பிள்ளை அதே முற்றத்துக்குத் திரும்பினால், அளவு மறுபடியும் ஏறும். அதனால் முதல் வைத்தியம் மண்ணுக்குத்தான்.

மண்ணை எப்படிச் சுத்தம் செய்வது?

மேல்மண்ணை அகற்றி நல்ல மண் நிரப்பலாம். புல் வளர்த்தோ, தளம் போட்டோ தூசியை அடக்கலாம். இதுபோன்ற பணிகளுக்காக 2016-ல் உலக வங்கி 6.56 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் கழிவு மேடு திறந்தே கிடந்தால், சுத்தம் செய்த முற்றத்திலும் தூசி படியும். பிழைப்புக்காக அந்த மேட்டைத் தோண்டுபவர்களும் இருக்கிறார்கள். வேறு வேலை இல்லாமல் அவர்களை நிறுத்துவதும் சுலபமில்லை.

யார் பொறுப்பு?

சுரங்கத்தோடு 1925 முதல் 1974 வரை தொடர்பில் இருந்த ஆங்கிலோ அமெரிக்கன் குழுமத்தின் தென்னாப்பிரிக்க நிறுவனத்துக்கு எதிராக, 2020-ல் ஜோகன்னஸ்பர்க்கில் வழக்கு தொடரப்பட்டது. தாங்கள் பொறுப்பல்ல என்கிறது நிறுவனம். பாதிக்கப்பட்டவர்கள் கூட்டாக வழக்கு நடத்த 2023 டிசம்பரில் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. மேல்முறையீட்டுக்கு 2024-ல் அனுமதி கிடைத்தது.

தீர்ப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கலாம். மூளை வேகமாக வளரும் முதல் சில வயது, எந்தக் குழந்தைக்கும் காத்திருப்பதில்லை.